பெயருக்கு முன் நிற்கும் ஊர்: தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி

ஆலயத் திருவிழா என்றதும் பக்தர்களின் செவியில் முதலில் விழுவது தவிலின் முழக்கமாகும். கொடியேற்றம், அபிடேகம், திருவூஞ்சல், தேரோட்டம் எதுவாயினும் நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல, இறைவன் பின்னே எழுந்தருள்வதே நம் மரபு. மூலத்தானத்தின் திரை விலகும் கணத்தில் ஓங்கி எழும் அந்த ஒலியே கூடியிருப்போரின் கைகளைத் தலைக்கு மேல் குவிக்கச் செய்கிறது. ஆனால் அந்த ஒலியை எழுப்பியவர் யார், அவர் பெயர் என்ன என்று வினவுவோர் மிகச் சிலரே.

பெயருக்கு முன் நின்று பெருமை சேர்க்கும் சொல்லின் அருமையை ஜொகூர் மக்கள் நன்கு அறிவர். ஜொகூர் பாருவில் 1911-ஆம் ஆண்டு எழுந்த அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானத்தில் குடிகொண்ட அன்னை, பிற ஊர்களில் மாரியம்மன் என்றே வழங்கப்படுபவள். ஆலயம் எழ நிலம் அளித்த ஜொகூர் அரச குடும்பத்துக்கு நன்றி பாராட்டும் வகையில் இங்கே ‘ராஜ’ என்னும் அடைமொழி அன்னையின் திருநாமத்தோடு இணைந்தது. சுல்தான் இப்ராகிம் ஆட்சியில் நிகழ்ந்த அக்கொடையை இன்றும் அச்சொல் நினைவூட்டி நிற்கிறது. ஓர் அடைமொழி, ஏடு இல்லாமலேயே வரலாற்றைக் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இசைக் கலைஞர்களின் பெயரும் இத்தகையதே. அவ்வகையில், பெயருக்கு முன் ஒரு நகரத்தையே தாங்கி நின்றவர் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 42 வயது நிறையும் முன்னரே மறைந்த அவர், தவில் உலகில் இன்றளவும் ஓர் அளவுகோலாகப் பேசப்படுகிறார்.

ஊர்ப் பெயர் ஒட்டிய வரலாறு

தவில் கலைஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் தஞ்சை வட்டாரத்தின் வரைபடமே கண்முன் விரியும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, அரித்துவாரமங்கலம் பழனிவேல் என அப்பட்டியல் நீளும். ஊரையும் பெயரையும் பிரித்துச் சொன்னால் கேட்பவருக்கு ஆளைத் தெரியாது.

இதற்குக் காரணம் எளியது. மீனாட்சிசுந்தரமும் சுப்பிரமணியமும் சண்முகசுந்தரமும் ஊர்தோறும் இருந்தனர். ஒரு கோயில் தர்மகர்த்தா திருவிழாவுக்கு மேளம் பேச ஆள் அனுப்பும்போது, “எந்த ஊர்ச் சுப்பிரமணியம்?” என்று கேட்டே அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கான விடையே நாளடைவில் பெயரின் முதற்பகுதியாக நிலைத்தது. அழைப்பிதழிலும் அது அச்சேறியது. வானொலி அறிவிப்பிலும் இடம்பெற்றது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சொந்த ஊருக்குள் எவரும் ஒருவரை ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை. நீடாமங்கலத்தில் வாழ்வோர் அனைவரும் நீடாமங்கலத்துக்காரரே அல்லவா? ஆகவே ஊர்ப் பெயர் என்பது ஊரைவிட்டு வெளியே சென்றவருக்கே கிட்டுவது. பிறர் இட்டு வழங்குவது. ஒரு கலைஞரின் புகழ் எத்தனை தொலைவு பயணம் செய்தது என்பதை அப்பெயரே காட்டிவிடும்.

தட்சிணாமூர்த்தியின் பெயரில் இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்குகிறது. அவர் பிறந்தது இணுவில், வாழ்ந்தது அளவெட்டி. இரண்டுமே யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிற்றூர்கள். ஈழத்துக்குள்ளே மட்டும் அவர் வாசித்திருந்தால் அவ்விரண்டில் ஒன்றே அவர் பெயருக்கு முன் நின்றிருக்கும். கடலைத் தாண்டித் தமிழகம் சென்று வாசித்தபோது, அங்குள்ள இரசிகர்களுக்கு இணுவில் எது, அளவெட்டி எது என்ற வேறுபாடு தெரியாது. அவர்கள் அறிந்தது யாழ்ப்பாணம் ஒன்றே. எனவே ஒரு சிற்றூரின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நிலப்பகுதியின் பெயரே வந்து நின்றது.

இணுவில் தந்த செல்வம்

தட்சிணாமூர்த்தி 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் நாள் இணுவிலில் தவில் கலைஞர் விசுவலிங்கத்தின் மைந்தராகப் பிறந்தார். நாதஸ்வர, தவில் கலைஞர் குடும்பங்கள் பல வாழ்ந்த ஊர் அது. குழந்தைகள் பேசத் தொடங்கும்போதே தத்தகாரச் சொற்களும் செவியில் விழும் சூழல். கையில் கழி பிடிக்கும் வலிமை வருமுன்னரே வாயால் சொற்கட்டு சொல்லும் பழக்கம் அத்தகைய வீடுகளில் இயல்பாக வாய்க்கும். தந்தையிடம் தொடங்கிய பயிற்சி, பிற ஆசான்களிடம் தொடர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கோயில்கள் இக்கலைஞர்களை வளர்த்த பல்கலைக்கழகங்கள் எனலாம். அங்கே திருவிழாக் காலத்தில் ஒரு நாள் உபயம் ஏற்கும் குடும்பத்தார், தத்தம் நாளின் மேளம் சிறக்க வேண்டும் என்று போட்டியிட்டுப் புகழ்பெற்ற குழுக்களை அழைப்பர். ஒரே வீதியில் பல நாதஸ்வரக் குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும் ‘மேளச்சமா’ விடிய விடிய நடைபெறும். ஒரு குழு வாசித்த கணக்குக்கு அடுத்த குழு விடையளிக்கும். இரசிகர்கள் மணலில் அமர்ந்து கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்பர். தாளம் தப்பினால் வித்துவான் அறியுமுன் வீதி அறிந்துவிடும். அத்தகைய கூர்ந்த செவிகளின் முன்னே வாசித்துப் பழகியவருக்கு வேறு தேர்வு தேவையில்லை.

அளவெட்டியைச் சேர்ந்த நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனுக்கு அவர் வாசித்த தவில், ஈழத்து இரசிகர்கள் மறவாத இணையாக விளங்கியது. இராக ஆலாபனையின் இடையிடையே தவில் எவ்வளவு பேச வேண்டும், எங்கே மௌனம் காக்க வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர் தட்சிணாமூர்த்தி என்பது அக்கச்சேரிகளைக் கேட்டவர்களின் கருத்து.

கடல் கடந்த கல்வி

தவிலில் மேலும் உயர விரும்பிய அவர் தமிழகம் சென்று நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையிடம் பயின்றார். இராகவப் பிள்ளையோ, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன். 1894-ஆம் ஆண்டு பிறந்து 1949-ஆம் ஆண்டு மறைந்த நீடாமங்கலத்தார், தவிலைத் துணைக்கருவி என்ற நிலையிலிருந்து உயர்த்தி, தனித்து நின்று கேட்கத்தக்க கலையாக நிலைநிறுத்திய மேதைகளுள் முதன்மையானவர். அழைப்பிதழ்களில் ‘ஸ்பெஷல் தவில்’ என்று தனியே பெயர் அச்சிட்டு மதிக்கும் வழக்கம் அக்காலத்து மேதைகளாலேயே வேரூன்றியது. அந்த மரபின் நேர்வழியில் தட்சிணாமூர்த்திக்குக் கல்வி கிடைத்தது.

பின்னர் தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் பலருக்கும் அவர் வாசிக்கலானார். அக்காலத்தில் ஈழத்துக் கோயில்கள் தமிழகத்திலிருந்து கலைஞர்களை வரவழைப்பதே பெருவழக்காக இருந்தது. அவ்வழியில் எதிர்த்திசையாக ஈழத்திலிருந்து ஒருவர் சென்று, தவிலின் தாயகமான தஞ்சை மண்ணிலேயே வாசித்து ஏற்றம் பெற்றது எளிய செய்தியன்று. ‘யாழ்ப்பாணம்’ என்னும் அடைமொழியை அவருக்கு வழங்கியவர்கள் அம்மண்ணின் இரசிகர்கள். அயலூரார் என்று சுட்டத் தொடங்கிய சொல், ஈடிணையற்றவர் என்று போற்றும் சொல்லாக மாறியது.

கருவியும் கையும்

அவருடைய சாதனையை உணரத் தவிலின் அமைப்பைச் சற்று அறிதல் நலம். தவிலின் கட்டை பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வலப்புறம் ‘வலந்தலை’ எனவும் இடப்புறம் ‘தொப்பி’ எனவும் வழங்கும். வலந்தலை மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். தொப்பி சற்றுத் தளர்ந்திருக்கும். முற்காலத்தில் தோல் வாரால் இழுத்துக் கட்டினர். இக்காலத்தில் இரும்பு வளையமும் முறுக்காணியும் அப்பணியைச் செய்கின்றன.

வலக்கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்துச் செய்து உலர்த்திய கூடுகளை அணிந்து வலந்தலையில் வாசிப்பர். இடக்கையில் பூவரசு மரக் கழியைப் பிடித்துத் தொப்பியில் அடிப்பர். இரண்டு கைகளும் வெவ்வேறு இயல்புடைய தொழிலைச் செய்ய வேண்டும். ஆயினும் கேட்பவருக்கு ஒரே மொழியாக ஒலிக்க வேண்டும். அதனோடு, தோளில் கருவியின் எடையைத் தாங்கியபடி வீதியில் மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். மேடையில் அமர்ந்து வாசிக்கும் வேறெந்தத் தாளக் கருவியாளருக்கும் இத்துணை உடலுழைப்பு இல்லை.

சுவாமி புறப்பாட்டின்போது முதலில் தவில் அலாரிப்பு முழங்கும். அதனைத் தொடர்ந்து கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி எழும். மல்லாரிக்குப் பாடல் வரி இல்லை. இராகத்தின் சுரங்களும் தவிலின் சொற்களுமே அதன் உடலும் உயிரும். தீர்த்தம் கொணரும்போது தீர்த்த மல்லாரி, திருவமுது படைக்கும்போது தளிகை மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி என ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு உண்டு. எவ்விடத்தில் எது நிகழ்கிறது என்பதைக் கண்ணால் காணாத அடியவரும் தவிலின் நடையைக் கேட்டே அறியலாம்.

இத்தகைய கருவியில் தட்சிணாமூர்த்தி நிகழ்த்திய அற்புதம், விரைவும் தெளிவும் ஒன்றுசேர்ந்ததே என்பர் இசையறிந்தோர். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என எண்ணும் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஆகிய ஐந்து நடைகளையும் தவில் கற்போர் அனைவரும் பயில்வர். பயின்றதை அடுக்கிச் சொல்வது கணக்கு. அக்கணக்கைக் கேட்பவர் எண்ணத் தேவையின்றி இன்பமாக உணரச் செய்வதே இலயம். மிக விரைவான காலத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விளங்குமாறு அவர் கைகள் பேசின. விரைவில் சொல் சிதைவது பலருக்கும் நேர்வது. அவருக்கோ விரைவிலேயே சொல் துலங்கியது.

பட்டத்தின் பொருள்

அவருக்கு வழங்கிய பட்டம் ‘லயஞானகுபேர பூபதி’ என்பது. நான்கு சொற்கள் கோத்த மாலை அது. தாளத்தின் உயிர் லயம். அதனை அறிந்த அறிவு ஞானம். அவ்வறிவில் அவர் குபேரன். அச்செல்வத்தை ஆளும் அரசர், பூபதி. தவில் கலைஞருக்குச் செல்வத்தின் அதிபதியின் பெயரைச் சூட்டியதில் ஆழ்ந்த பொருள் உண்டு. இரவு முழுதும் வீதியில் வாசித்து விடியலில் ஊர் திரும்பும் அக்காலக் கலைஞர்கள் பொருட்செல்வத்தில் குபேரர்களாக வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்களிடம் இருந்த செல்வம் வேறு. அதனை எவராலும் பறிக்க இயலாது. ஆனால் பெற்றுக்கொள்ள ஆளில்லையெனில் அது உரியவரோடு மறைந்துவிடும்.

1975-ஆம் ஆண்டு மே மாதத்தில் தட்சிணாமூர்த்தி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 41. இன்னும் 30 ஆண்டுகள் வாசித்திருக்க வேண்டிய கைகள் அன்று ஓய்ந்தன. எஞ்சியவை கோயில் கச்சேரிகளில் எடுத்த ஒலிப்பதிவுகளும், கேட்டவர்களின் நினைவுகளுமே.

அவர் மறைந்து எட்டு ஆண்டுகளில், 1983-ஆம் ஆண்டு முதல் ஈழத்தில் போர் மூண்டது. யாழ்ப்பாணத்து மக்கள் உலகின் பல திசைகளிலும் சிதறினர். அவர்கள் கையோடு எடுத்துச் சென்ற ஒலிநாடாக்களில் அவருடைய தவிலும் இருந்தது. தமிழக இரசிகர்கள் அடையாளத்துக்காக இட்ட ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல், ஊரைப் பிரிந்த அம்மக்களுக்கு ஊரையே நினைவூட்டும் சொல்லாயிற்று. இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015-ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. மறைந்து 40 ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒரு தவில் கலைஞரின் பெயர் தேசிய அரங்கில் ஒலித்தது தமிழிசை உலகுக்கே பெருமையாகும்.

பெயர் பெற்ற பிற தாளமேதைகள்

தாளக் கருவியாளர் பலருக்கும் அடைமொழி வந்த வழி சுவையானது. புதுக்கோட்டையில் விளக்கேற்றும் பணி செய்த மாமுண்டியா பிள்ளை, தவில் கலைஞர் மாரியப்பரிடம் இலயம் பயின்று, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக்கினார். புதுக்கோட்டை வழி என்ற ஒரு மிருதங்க மரபே அவரால் தோன்றியது. இன்று சபைகளில் ஒலிக்கும் அம்மரபின் வேரில் ஒரு தவில் கலைஞர் நிற்கிறார் என்பதை மறத்தலாகாது.

அவ்வழியில் வந்த பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையவர். மேடையில் அவர் அமர வேண்டுமெனில் வயலின் வித்துவான் இடம் மாற வேண்டும் என்பதால் தொடக்கத்தில் பல தடைகளைச் சந்தித்தார். பின்னாளில் ‘பழநி’ என்று சொன்னாலே மிருதங்கம் என்று பொருள்படும் நிலைக்கு உயர்ந்தார். கடம் வித்துவான் விநாயக்ராமின் பெயருக்கு முன் நிற்கும் ‘விக்கு’ என்னும் செல்லப் பெயரை இன்று உலக மேடைகளும் அறியும். சிவமணிக்கோ அவர் வாசிக்கும் ‘டிரம்ஸ்’ கருவியே அடைமொழியாயிற்று.

தவிலுக்கு உரிய மதிப்பு காலந்தாழ்ந்தே வந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1966-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ விருதைப் பெற்றார். தவில் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிட்ட 2009-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியம் அதனைப் பெற்றார். ஆலயத்தில் முதலிடம் பெறும் கருவி, சபையில் முதலிடம் பெற இத்தனை காலம் ஆயிற்று.

நம் ஆலயங்களின் கடமை

மலாயாவுக்குத் தமிழர் வந்தபோது தெய்வத்தோடு மேளத்தையும் கொண்டு வந்தனர். ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் எழுந்த சிறு கோயில்களில் உறுமியும் பறையும் முழங்கின. நகரங்களின் பெரிய ஆலயங்களில் நாதஸ்வரமும் தவிலும் இடம்பெற்றன. இன்று உறுமி மேளத்தை நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு பயில்கின்றனர். குழுக்களுக்குப் பெயரிட்டுப் பெருமை கொள்கின்றனர். தைப்பூசத்தன்று காவடிகளுக்கு முன் அவர்கள் எழுப்பும் முழக்கமே அதற்குச் சான்று.

தவிலின் நிலை அவ்வாறில்லை. நாதஸ்வர, தவில் கலைஞர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து குறிப்பிட்ட கால அனுமதியில் வந்து பணியாற்றித் திரும்புகின்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, வெளிநாட்டுக் கலைஞர்களை மட்டும் நம்பியிருப்பதன் இடர்ப்பாடு அனைவருக்கும் விளங்கியது. மேளத்துக்கு மாற்றாகச் சில ஆலயங்களில் மின்விசையால் இயங்கும் மணியும் முரசும் ஒலிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் அவை தவறாமல் ஒலிக்கும், களைப்படையா. ஆனால் தீபாராதனை நீண்டால் அதற்கேற்ப நடையை மாற்றவோ, தேர் தயங்கி நின்றால் அதனை ஊக்கி நகர்த்தவோ அவற்றால் இயலாது. அப்பொறிக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை.

இந்நிலை மாற ஆலய நிருவாகத்தினரும் உபயதாரர்களும் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. திருவிழா அழைப்பிதழில் ‘நாதஸ்வர இன்னிசை’ என்று பொதுவாக அச்சிடுவதை விடுத்து, வாசிக்கும் கலைஞர்களின் பெயரையும் ஊரையும் அச்சிடலாம். சுவாமி புறப்பாட்டின்போது ஒலிபெருக்கியில் வேறு பாடல்களை ஒலிக்கச் செய்யாது மல்லாரி முழுமையாக ஒலிக்க இடமளிக்கலாம். திருவிழாவின் ஒரு நாளையேனும் உள்ளூர் மாணவர் வாசிக்கும் நாளாக ஒதுக்கலாம். தமிழகத்திலிருந்து வந்து தங்கும் வித்துவான், தம் அனுமதிக் காலம் முடியுமுன் இங்குள்ள இரண்டு பிள்ளைகளுக்கேனும் பாடம் சொல்ல ஏற்பாடு செய்யலாம். உபயம் என்பது மலருக்கும் அன்னதானத்துக்கும் மட்டும் உரியதன்று. ஒரு மாணவனுக்குத் தவில் வாங்கித் தருவதும் அம்பாளுக்குச் செய்யும் உபயமே.

இணுவில் என்னும் சிற்றூரின் கோயில் வீதிகள் உலகம் போற்றும் ஒரு தவில் மேதையை உருவாக்கின. கேட்க ஆள் இருந்தது. கற்பிக்க ஆசான் இருந்தார். உபயம் ஏற்கக் குடும்பங்கள் இருந்தன. இம்மூன்றும் ஜொகூரில் இல்லாதவை அல்ல. குளுவாங், சிகாமட், கூலாய், மூவார் என்னும் நம் ஊர்ப் பெயர்களுள் ஒன்று, ஒரு தவில் கலைஞரின் பெயருக்கு முன் நின்று தமிழுலகெங்கும் ஒலிக்கும் நாள் வர வேண்டும். அன்னை ராஜமாரியம்மன் அதற்கு அருள்புரிவாளாக.